ஒரு மெத்தட், இரண்டு விடைகள்

வெப்பநிலை அளவுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் மிகக் குறைந்ததும் மிகக் கூடியதும் வேண்டும். ஒரே சுற்றில் இரண்டையும் பிடித்துவிடலாம், ஆனால் ஜாவா மொழியில் ஒரு மெத்தட் (அழைத்ததும் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒரு மதிப்பைத்தான் ரிட்டர்ன் செய்யும், அதாவது திருப்பிக் கொடுக்கும்.

பலருக்கும் முதலில் தோன்றுவது அரே, அதாவது மதிப்புகளை வரிசையாக வைக்கும் அமைப்பு. இரண்டு டபுள் (தசம எண் வகை) எண்களை அதில் போட்டு அனுப்பினால் வேலை நடக்கும். என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவேன். அழைக்கும் இடத்தில் விடை[0], விடை[1] என்று நிற்கும். எது குறைந்தது, எது கூடியது என்பது எழுதியவருக்குத்தான் வெளிச்சம். இரண்டும் டபுள் என்பதால், மாற்றி எடுத்தாலும் கம்பைலர் வாயே திறக்காது. வெவ்வேறு வகை மதிப்புகளை ஆப்ஜெக்ட் அரேயில் திணித்து, எடுக்கிற இடமெல்லாம் காஸ்ட் செய்வது (இது இன்ன வகை என்று நாமே சொல்லி மாற்றுவது) இதைவிட மோசம்.

மெத்தட் வாங்கிக்கொள்ளும் பாராமீட்டருக்கு உள்ளேயே புது மதிப்பு கொடுத்தால் வெளியே தெரியாதா என்று புதியவர்கள் கேட்பார்கள். தெரியாது. ஜாவா உள்ளே அனுப்புவது மதிப்பின் நகலை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். அந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெயர் வையுங்கள். 'எல்லைகள்' என்று ஒரு ரெக்கார்ட் (சில மதிப்புகளைப் பெயரோடு சேர்த்து வைக்கும் சிறு கிளாஸ்), அதன் அடைப்புக்குறிக்குள் 'டபுள் குறைந்தது, டபுள் கூடியது'. மெத்தடின் ரிட்டர்ன் வகை எல்லைகள். கடைசி வரியில் அதில் புதிதாக ஒன்றை உருவாக்கித் திருப்பிக் கொடுங்கள். அழைப்பவர் விடை.குறைந்தது(), விடை.கூடியது() என்று படிப்பார். கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி), ஒப்பிடும் மெத்தட், அச்சிடும் மெத்தட் எல்லாம் அந்த ஒரே வரியில் கிடைத்துவிடும். ரெக்கார்ட் ஜாவா 16-இல், 2021-இல் நிலைபெற்றது. அதற்கு முந்தைய பதிப்பென்றால் இரண்டு ஃபைனல் ஃபீல்டுகளோடு (ஒருமுறை வைத்தபின் மாற்ற முடியாத உறுப்புகளோடு) சிறு கிளாஸ் எழுதுங்கள். வரிகள் கூடும், அவ்வளவுதான்.

கன்ஸ்ட்ரக்டரில் ஒரு சோதனையும் வைக்கலாம்: குறைந்தது கூடியதைவிடப் பெரிதாக இருந்தால் எக்ஸெப்ஷன், அதாவது பிழை அறிவிப்பு. இடம் மாறிப்போன எண்கள் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ரெக்கார்டுக்குள் லிஸ்ட் வைத்தால் கவனம் தேவை. ஃபீல்டை மாற்ற முடியாது, ஆனால் லிஸ்டின் உள்ளடக்கத்தை வெளியிலிருந்து யாரும் மாற்றலாம். கன்ஸ்ட்ரக்டரிலேயே லிஸ்ட்.காப்பிஆஃப் போட்டு, மாற்ற முடியாத நகலாக வைத்துவிடுங்கள்.

அப்புறம், பட்டியல் காலியாக இருந்தால்? ஜாவா 8-உடன் வந்த டபுள்சம்மரிஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸைப் பாருங்கள். எண்ணிக்கை, கூட்டுத்தொகை, சராசரி, குறைந்தது, கூடியது என ஐந்தும் ஒரே ஆப்ஜெக்டில் வரும். நம் எடுத்துக்காட்டுக்கு அதுவே போதும். ஆனால் ஒரு மதிப்பும் இல்லாதபோது அது குறைந்தது என்று நேர் முடிவிலியையும், கூடியது என்று எதிர் முடிவிலியையும் கொடுக்கும். கணக்குக்கு அது சரி, திரையில் காட்டினால் விபரீதம். நம்முடைய மெத்தட் என்றால் ஆப்ஷனலுக்குள் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும் உறை) எல்லைகளை வைத்துக் கொடுப்பேன்.

பெயர் வைக்கும்போது 'எண்ணும்பிழையும்' மாதிரி இரண்டை ஒட்டவைத்த பெயர்தான் வருகிறதா? அநேகமாக அந்த மெத்தட் இரண்டு வேலை பார்க்கிறது. ரெக்கார்டை விட்டுவிட்டு மெத்தடைப் பிரியுங்கள்.

சி ஷார்ப் மொழியில் 7.0 பதிப்பிலிருந்து உறுப்புகளுக்குப் பெயர் வைத்த டியூபிள் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) உண்டு. பிரைவேட் மெத்தடுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மெத்தட் தன் மதிப்பை வெளியே அனுப்பும் அவுட் பாராமீட்டரை நான் அனுமதிக்கும் ஒரே இடம், எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்கும் டிரைபார்ஸ் பாணி: முடிந்ததா இல்லையா என்பது ரிட்டர்னில், மதிப்பு அவுட்டில்.

பைத்தானில் காற்புள்ளி போட்டு ரிட்டர்ன் செய்தாலே டியூபிள்தான். எழுதச் சுகம். நாளைக்கு மூன்றாவதாகச் சராசரியையும் சேர்த்தால், இரண்டு மாறிகளில் பிரித்து வாங்கிய ஒவ்வொரு இடமும் வேல்யூஎரர் என்ற பிழை கொடுத்து நிற்கும். உறுப்புகளுக்குப் பெயர் உள்ள நேம்டுடியூபிளாக மாற்றினாலும் இதே கதை, அதுவும் டியூபிள்தானே. பலர் அழைக்கும் மெத்தட் என்றால் ஆரம்பத்திலேயே டேட்டாகிளாஸ் (பைத்தானில் மதிப்புகளைப் பெயரோடு வைக்கும் கிளாஸ்) போடுங்கள். அதில் புது ஃபீல்டு சேர்த்தாலும், பெயர் சொல்லிப் படிக்கும் பழைய வரிகள் அப்படியே ஓடும்.