காற்றுச் சுரங்கத்தில் கட்டடத்தை மட்டும் வைத்தால் போதுமா?

1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தின் ஃபெர்ரிபிரிட்ஜ் அனல் மின்நிலையத்தில் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று புயற்காற்றில் இடிந்தன. ஒவ்வொன்றும் சுமார் 114 மீட்டர் உயரம். விழுந்தவை காற்றை முதலில் வாங்கிய முன்வரிசைக் கோபுரங்கள் அல்ல. அவற்றின் மறைவில் நின்ற பின்வரிசை! காற்றுச் சுரங்கச் சோதனை (சிறு மாதிரியின் மேல் செயற்கையாகக் காற்றை ஓடவிட்டு விசைகளை அளப்பது) நடக்காமல் இல்லை. ஆனால் சோதித்தது தனியே நிற்கும் ஒற்றைக் கோபுரத்தின் மாதிரியை. முன்வரிசை இடைவெளிகளில் நுழைந்து வேகமெடுக்கும் காற்று அந்தச் சோதனையில் தெரிய வழியே இல்லை. போதாததற்கு, வடிவமைப்பில் எடுத்துக்கொண்டது ஒரு நிமிடச் சராசரி வேகம். கோபுரத்தைச் சாய்ப்பதோ சில விநாடி வீச்சு.

அதனால் சுற்றுப்புறக் கட்டடங்களின் மாதிரிகளையும் சுரங்கத்தின் சுழல்மேடையில் (மாதிரியைத் திசைதோறும் திருப்பும் தட்டு) வைத்தே சோதிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடம் நாளை இடிக்கப்படலாம் என்பதால், அது இல்லாமலும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

விமானங்களுக்கான சுரங்கத்தில் காற்று சீராக ஓடும். நிலத்தை ஒட்டிய காற்று அப்படியல்ல: கீழே மெதுவாக, மேலே வேகமாக, எங்கும் கொந்தளிப்பாக வீசும். மாதிரிக்கு முன்னால் கூம்புத் தடுப்புகளும் தரையில் சிறு கட்டைகளும் வைத்து இதை உருவாக்காவிட்டால், வரும் எண்களை நம்ப முடியாது.

என் கணிப்பில் அதிகம் ஏமாற்றுவது வளைந்த வடிவங்கள்தான். கூர்முனைக் கட்டடத்தில் காற்று முனையிலேயே பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். மாதிரி சிறிதானாலும் பெரிய பிழை வராது. உருண்டையான பரப்பில் காற்று எங்கே பிரியும் என்பது ரெனால்ட்ஸ் எண்ணை (காற்றின் வேகம், பிசுபிசுப்பு, பொருளின் அளவு மூன்றையும் சேர்த்துச் சொல்லும் எண்) பொறுத்தது. 1:400 மாதிரியில் அந்த எண் நிஜத்தைவிட மிகச் சிறியது; காற்று முன்கூட்டியே பிரிந்து, இழுவிசை தவறாகக் கிடைக்கும். மாதிரியின் பரப்பைச் சொரசொரப்பாக்கி இதை ஓரளவு ஈடுகட்டலாம். வழவழப்பான மாதிரி படத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

முகப்புக்கு நேராக வீசும் காற்றை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. 10 பாகைக்கு ஒன்றாக 36 திசைகளிலும் அளக்க வேண்டும். நியூயார்க்கின் சிட்டிகார்ப் கட்டடத்தில் மூலைவாட்டக் காற்றின் ஆபத்து கட்டி முடித்தபின், 1978இல்தான் புரிந்தது. இணைப்புகளை ரகசியமாகப் பற்றவைத்து வலுப்படுத்தினார்கள்.

கட்டடச் சட்டகத்துக்கான மொத்தக் காற்று விசையை வைத்துக் கண்ணாடி முகப்பையும் வடிவமைக்காதீர்கள். மூலைகளில் முகப்பை வெளியே இழுக்கும் காற்றின் உறிஞ்சல் தனிக் கணக்கு.

கடைசித் தவறு, வடிவம் இறுதியான பிறகு சுரங்கத்துக்குப் போவது. தைவானின் தைபே 101 வானளாவியின் மூலைகளைப் படிப்படியாக வெட்டியதில் அடித்தளத் திருப்புவிசை (கட்டடத்தை அடியோடு சாய்க்கப் பார்க்கும் காற்றின் திருப்பம்) சுமார் 25% குறைந்தது. வரைபடம் பூட்டப்பட்டிருந்தால் அந்த வெட்டுக்கு இடமே இருந்திருக்காது.