பாடம் பிள்ளைக்கு ரொம்பச் சுலபமாக இருந்தால்: மலைக்குக் குடிவந்த பெற்றோருக்கு

வெளிநாட்டிலிருந்து குன்னூர், கோத்தகிரி பக்கம் குடிவருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகை வீடும் கேஸ் இணைப்பும். இரண்டு மாதம் போனதும் வேறு கேள்வி வரும்: "ஸ்கூல்ல சொல்லிக்கொடுக்கிறதெல்லாம் இவளுக்கு ஏற்கெனவே தெரியுதே, டீச்சர்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

இங்கிலாந்தில் நாலு வயது முடிந்த செப்டம்பரிலேயே பள்ளி தொடங்கிவிடும். அங்கே படித்துவிட்டு வந்த என் மகன் இங்கே ஒன்றாம் வகுப்பில் நூறு வரை சட்டென்று எழுதி முடித்துவிட்டு, பனி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். 'இடத்தில் உட்காருவதில்லை' என்று டைரியில் குறிப்பு வந்தது. நான் நேராகப் போய், "அங்க இதெல்லாம் போன வருஷமே முடிச்சுட்டான் மிஸ்" என்றேன். மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. பள்ளியைக் குறைசொல்ல வந்தவளாகத்தான் நான் தெரிந்திருப்பேன்.

அதனால், போகும் முன் ஒரு வாரம் வீட்டில் கவனியுங்கள். எந்தப் பாடம் சுலபம்? என் மகனுக்கு ஆங்கிலமும் கணக்கும் சுலபம். தமிழில் ஒரு வரி வாசிக்கத் திணறினான். 'போரடிக்குது' என்று பிள்ளை சொன்னால் பாடம் புரியாமலும் இருக்கலாம், பக்கத்தில் உட்கார ஒரு சிநேகிதன் கிடைக்காமலும் இருக்கலாம்.

பிறகு கிளாஸ் டீச்சரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஹெச்.எம்.மை அல்ல. காலையில் கேட்டருகே நிறுத்திப் பேசாதீர்கள். பத்து நிமிடம் வேண்டும் என்று டைரியில் எழுதிக் கேளுங்கள். பிள்ளை வீட்டில் தானாகப் போட்ட கணக்கு, வாசிக்கிற புத்தகம், இரண்டையும் கொண்டுபோங்கள். "கிளாஸ் வேலையை முடிச்ச பிறகு இவனுக்கு என்ன கொடுக்கலாம் மிஸ்?" என்று கேளுங்கள். அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு மட்டும் வேண்டாம்; சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போல ஆகிவிடும். நான் இப்படிக் கேட்ட பிறகு எங்கள் மிஸ் அவனையே கணக்கு உண்டாக்கச் சொன்னார். காலையில் பறித்த தேயிலை 14 கிலோ, மதியம் 9 கிலோ, மழை ஈரத்துக்கு 2 கிலோ கழித்தால் மீதி எவ்வளவு? இலை எடை போடுகிற விவரமெல்லாம் பக்கத்து பெஞ்சுப் பையன் சொல்லிக்கொடுத்தது. அந்த வாரம்தான் அவனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான்.

அரசுப் பள்ளி என்றால், 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, பிறகு ஐந்தாம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பாடம் உண்டு. உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டாலே பேச்சு சுலபமாகத் தொடங்கும். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதும், பெற்றோரைக் கூட்டிப் பேசுவதும் ஆசிரியரின் கடமை என்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் சந்திப்பிலேயே எடுத்து நீட்டாதீர்கள்.

ஒரு மாதமாகியும் மாற்றமில்லை என்றால் ஹெச்.எம்., பிறகு பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். தனியார் பள்ளியில் தாளாளர். கல்வித்துறை உதவி எண் 14417.

டபுள் புரமோஷன் மட்டும் கேட்காதீர்கள். கணக்கில் ஒரு வருடம் முந்தி நிற்கிற பிள்ளை தமிழில் ஒரு வருடம் பிந்தியிருக்கலாம். விளையாட்டில் எப்படியும் ஆறு வயதுதான்.

மாற்றம் தெரிந்தால் அதையும் டைரியில் எழுதி அனுப்புங்கள். 'நேற்று வீட்டுக்கு வந்ததும் இலைக் கணக்கு பற்றியே பேசினான்' என்று நான் எழுதியதற்கு, மறுநாள் மிஸ் இன்னொரு கணக்கு எழுதி அனுப்பினார்.