டெங்கு விழிப்புணர்வுக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு: ஒரு தெருவை எடுத்து எப்படி வேலை செய்வது

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த புதிதில், டெங்கு விழிப்புணர்வு என்றதும் எல்லோருக்கும் ஊர்வலம்தான் ஞாபகத்துக்கு வரும். பேனர் பிடித்துக்கொண்டு கடைவீதி வழியாகப் போய், பஸ் ஸ்டாண்டில் உறுதிமொழி எடுத்து, குரூப் போட்டோவோடு கலைந்துவிடுவோம். ஊர்வலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டெங்கு கொசு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயும் வீட்டைச் சுற்றியும்தான் வளர்கிறது, அதனால் நாமும் வீட்டுக்குப் போயாக வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்று திட்டமே சொல்கிறது; அதில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை ஒரே தெருவுக்குக் கொடுங்கள், போதும்.

முதல் வேலை: தெருவைப் பிடிப்பது

பெரிதாக ஆசைப்படாதீர்கள். ஐம்பது, அறுபது வீடு உள்ள ஒரு தெரு நல்ல அளவு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பிறந்த இடத்தை விட்டு ரொம்ப தூரம் பறக்காது, பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆகவே ஒரு தெருவை முழுசாகப் பார்த்தால் அந்தத் தெருவுக்கே பலன் தெரியும், ஊர் முழுக்க மேலோட்டமாகப் போனால் எங்கேயும் தெரியாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்துவிடும் என்பதால் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

எந்தத் தெரு என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். திட்ட அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மருத்துவ அலுவலரையும் சுகாதார ஆய்வாளரையும் பாருங்கள். காய்ச்சல் எந்தப் பக்கம் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும். கிராம சுகாதார செவிலியரோ டெங்கு ஒழிப்புப் பணியாளரோ முதல் நாள் கூட வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் ஜனங்களுக்கு அவர்கள் முகம் பழக்கம். கொசுப்புழுவைக் கொல்லத் தொட்டியில் ஊற்றும் அபேட் மருந்து அவர்கள் பொறுப்பு. அதற்கு அளவு உண்டு, நீங்கள் தொட வேண்டாம்.

பையில் என்ன வேண்டும்

டார்ச், டீ வடிகட்டி, தேய்க்கிற பிரஷ், பழைய வேட்டித் துணி, கயிறு, ஒரு நோட்டு, அடையாள அட்டை. எல்லாவற்றையும் விட முக்கியம் வெள்ளை நிற பிளாஸ்டிக் மக். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வாசலில் நிற்கும்போது

மூன்று பேராகப் போங்கள், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். காலைச் சமையல் முடிந்து பத்து மணிக்கு மேல் போனால் நின்று பேசுவார்கள். "அம்மா, காலேஜ்ல இருந்து வர்றோம். தண்ணி பிடிச்சு வச்சிருக்க இடத்துல கொசுப்புழு இருக்கான்னு பார்த்துட்டுப் போயிடறோம், அஞ்சு நிமிஷம்தான்" என்று சொன்னால் போதும். வீடு சுத்தமாக இருக்கிறதா என்ற பேச்சே எடுக்காதீர்கள். சாக்கடையில்தான் டெங்கு கொசு வருகிறது என்று பலரும் நம்புகிறார்கள்; உண்மையில் அது தேடுவது தெளிந்த, அசையாத தண்ணீரை. பளிச்சென்று இருக்கும் வீட்டில்கூட இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் அது குறையாகப் படாது. உள்ளே விட மனமில்லை என்றால் வற்புறுத்தாமல் அடுத்த வீட்டுக்குப் போங்கள், அடுத்த வாரம் அவர்களே கூப்பிடலாம்.

தேடுவது, காட்டுவது

டிரம்மையும் சிமெண்ட் தொட்டியையும் எல்லோரும் பார்ப்பார்கள். தவறவிடுவது மற்றவற்றைத்தான்: ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மணி பிளான்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, கொட்டாங்குச்சி, மாடியில் போட்ட பழைய டயர், சன்ஷேடில் தேங்கிய மழைத்தண்ணீர், மூடி உடைந்த ஓவர்ஹெட் டேங்க். ஃப்ரிட்ஜ் தட்டைப் பார்க்க டார்ச் கட்டாயம் வேண்டும். மாடிக்குப் போக அனுமதி கேட்டு ஏறிப் பாருங்கள்.

சந்தேகமான தண்ணீரை மக்கில் மொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நிமிடம் அசையாமல் வைத்தால், வெள்ளை அடிப்பாகத்துக்கு மேலே புழுக்கள் நெளிவது தெரியும். தலை கீழாக, வால் நுனி தண்ணீர் மட்டத்தைத் தொட்டபடி தொங்கி மூச்சு விடும். மேலே கையை நீட்டி நிழல் விழச் செய்யுங்கள், அத்தனையும் சட்டென்று அடிக்கு இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும். மக்கை வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள், குழந்தைகளையும் கூப்பிடுங்கள். தன் வீட்டுத் தண்ணீரில் தன் கண்ணால் பார்த்தவருக்கு நோட்டீஸ் தேவைப்படாது.

தண்ணீரைக் கொட்டச் சொல்லலாமா?

இங்கேதான் நிதானம் வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில், பிடித்து வைத்ததைக் கொட்டு என்று சொன்னால் அதோடு நம் பேச்சு முடிந்தது. அவர்கள் சேமிப்பது அலட்சியத்தால் அல்ல, வேறு வழி இல்லாததால். டயரிலும் தட்டிலும் இருப்பதைக் காய்ந்த மண்ணில் கொட்டலாம். டிரம் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றித் துவைக்க, கழுவப் பயன்படுத்தச் சொல்லுங்கள். காலியான டிரம்மின் உள்பக்கத்தைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும், இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். தண்ணீர்க் கோட்டை ஒட்டிய ஈரமான சுவரில்தான் கொசு முட்டையிடும். அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அப்புறம் டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுங்கள், தட்டு வைத்து மூடினால் இடைவெளி இருக்கும்.

காய்ச்சல் பற்றி யாராவது கேட்டால்

வைத்தியம் சொல்ல நாம் மருத்துவர்கள் இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளைத் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது, டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவுக்கு வழி செய்யும். இன்னொன்று, காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறது. கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், துவண்டு போவது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வண்டி இல்லை என்றால் 108. வீட்டில் காய்ச்சலோடு யாராவது படுத்திருந்தால் அன்றே செவிலியருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

மறுபடி போவது

முட்டை கொசுவாகி வெளியே பறக்க வெயில் காலநிலையில் ஒரு வாரம், பத்து நாள்தான். அதனால் அடுத்த ஞாயிறே திரும்பப் போக வேண்டும், அதே தெரு, அதே வீடுகள், முடிந்தால் அதே முகங்கள். நோட்டில் வீட்டு வாரியாக, எந்தப் பாத்திரத்தில் புழு இருந்தது என்று மட்டும் எழுதுங்கள். கணக்கு எளிது: 50 வீடு பார்த்து 8 வீட்டில் புழு இருந்தால் நூற்றுக்கு 16. ஒவ்வொரு வாரமும் இந்த எண் எப்படிப் போகிறது என்று பாருங்கள். யார் வீட்டிலும் புழுவோடு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், தெருவில் அந்தக் குடும்பத்துக்குத் தலைகுனிவாகிவிடும்.

வீட்டுக்காரர்களால் தீராதவையும் கண்ணில் படும்: ஆளில்லாத மனையில் குவிந்த டயர், கட்டுமான இடத்துத் தொட்டி, குழாய் உடைந்து தேங்கும் குட்டை. இவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி, சுகாதார ஆய்வாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள். கிராமமாக இருந்தால் அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. தெருக்காரர் ஒருவரையே எழுந்து நின்று அந்தப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள், தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். நகரமாக இருந்தால் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.