பழைய காரின் பின்பக்க லீஃப் ஸ்ப்ரிங்கை மாற்றுவது எப்படி

வண்டி பின்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். வேகத்தடையில் இறங்கும்போது இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் வரும். பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினால் டயர் மட்கார்டில் உரசும். மோரிஸ் மைனர், எம்ஜிபி போன்ற கார்களை வைத்திருப்பவர்களுக்கு இவை தெரிந்த அறிகுறிகள். இந்த வண்டிகளில் பின் ஆக்சிலைத் தாங்குவதும் அதை நேராகப் பிடித்து வைப்பதும் இரண்டு லீஃப் ஸ்ப்ரிங்தான் (எஃகுப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்ப்ரிங்). வேறு கம்பியோ கையோ கிடையாது. அதனால் ஸ்ப்ரிங் தளர்ந்தால் சொகுசு மட்டுமல்ல, வண்டி போகும் திசையே கெடும்.

வேலை ஒரு நாளில் முடியக்கூடியது. கழற்றுவதற்குப் பொறுமை வேண்டும், மாட்டுவதற்குச் சுத்தம் வேண்டும். ஆனால் புது ஸ்ப்ரிங் போட்ட சில மாதங்களிலேயே புஷ் (போல்ட்டைச் சுற்றி வரும் ரப்பர் உறை) கிழிந்து மறுபடி சத்தம் வருகிறதென்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கண் போல்ட்டுகளை (ஸ்ப்ரிங் முனையில் வளையமாகச் சுருண்ட கண்ணின் வழியே போகும் போல்ட்டுகளை) முழுக்க இறுக்கிவிட்டார்கள். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

சாய்வு எங்கிருந்து வருகிறது?

ஸ்ப்ரிங்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அளவெடுங்கள். சமதளம் வேண்டும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடங்களில் தண்ணீர் வடிவதற்காகத் தரை லேசாகச் சரிந்திருக்கும், அங்கே எடுத்த அளவை நம்ப முடியாது. நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டு, வண்டியை ஒரு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். வீல் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 10 மி.மீ. வித்தியாசம் இந்த வயதுக் கார்களில் சாதாரணம். 15 மி.மீ. தாண்டினால் காரணம் தேட வேண்டும். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். பெரும்பாலும் ஒருவரே ஓட்டிப் பழகிய வண்டியில் வலது ஸ்ப்ரிங் முதலில் தளர்வது இயல்பு.

சாய்வுக்குக் காரணம் பின்பக்க ஸ்ப்ரிங்தானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. முன் குறுக்குச் சட்டத்தின் நடுவில் ஜாக்கை வைத்து முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும் வரை தூக்குங்கள். வண்டி இப்போது முன்னால் ஒரே புள்ளியில் நிற்கிறது. சாய்வு மறைந்துவிட்டால் குற்றம் முன்பக்கத்தில் இருக்கிறது (மோரிஸ் மைனரில் முன்னால் இருப்பது டார்ஷன் பார், அதாவது முறுக்கிக் கொடுத்து ஸ்ப்ரிங்காக வேலை செய்யும் கம்பி). சாய்வு அப்படியே இருந்தால் பின் ஸ்ப்ரிங்தான். பார்த்தவுடன் இறக்கிவிடுங்கள், அந்த நிலையில் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

அடுத்து டார்ச் விளக்கோடு அடியில் பாருங்கள். உடைந்த பட்டை பெரும்பாலும், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டியோ, கிளிப் இருக்கும் இடத்திலோதான் உடையும். துருக்கோடு ஒன்று குறுக்கே ஓடினால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே செதில் செதிலாகத் துரு வீங்கியிருந்தால் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது, ஸ்ப்ரிங் கட்டையாகிவிடும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பதிவான கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம். மீதி நாளெல்லாம் இந்த ஈரக் காற்றில் அசையாமல் நிற்கும் வண்டிக்குத் துருதான் பெரிய எதிரி.

ஸ்ப்ரிங்கை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது அது மாட்டியிருக்கும் பாடி. மோரிஸ் மைனரில் ஸ்ப்ரிங் ஹேங்கர் (ஸ்ப்ரிங் முனை பாடியில் மாட்டும் இடம்) பகுதி துருப்பிடிப்பதற்குப் பேர்போனது. பழைய ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் வெல்டிங் வேலை, அப்புறம்தான் ஸ்ப்ரிங். அழுகிய தகரத்தில் புது ஸ்ப்ரிங்கை மாட்டுவது ஆபத்தானது.

வாங்க வேண்டியவை

ஸ்ப்ரிங் எப்போதும் ஜோடியாகத்தான். ஒன்றை மட்டும் மாற்றினால் சாய்வு பக்கம் மாறுமே தவிரப் போகாது. கூடவே ஆக்சிலை ஸ்ப்ரிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட் நான்கு, அவற்றுக்குப் புது நைலாக் நட்டு (தளராமலிருக்க உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு) எட்டு, ஸ்ப்ரிங்கின் பின் முனையைப் பாடியோடு இணைத்து ஊசலாட விடும் ஷேக்கிளின் பின்னும் பிளேட்டும் இரண்டு பக்கத்துக்கும், முன் கண்ணுக்கான போல்ட், ஆக்சிலுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் இடையே வரும் ரப்பர் பேடு, பம்ப் ஸ்டாப் (ஆக்சில் பாடியில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்). பழைய யு-போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். அது ஏற்கெனவே இழுபட்டு நீண்டது, அதன் மறையும் (திருகு வெட்டும்) துருவில் தேய்ந்திருக்கும்.

புஷ்ஷை எண்ணி வாங்குங்கள். இரண்டு பாதியாக வரும் ரப்பர் புஷ் என்றால் ஒரு துளைக்கு இரண்டு. முன் கண், பின் கண், ஷேக்கிளின் மேல்துளை என மூன்று துளை, இரண்டு பக்கம், ஆக 12. எம்ஜிபி போல முன் கண்ணில் இரும்பு உறையோடு அழுத்திச் சேர்த்த புஷ் இருந்தால், அதில் இரண்டும் மற்றவற்றில் எட்டும்.

எம்ஜிபிக்காரர்கள் ஆர்டர் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். திறந்த ரோட்ஸ்டரா, கூரை மூடிய கனமான ஜிடியா? குரோம் பம்பரா, உயரம் கூட்டப்பட்ட ரப்பர் பம்பரா? பின் ஆக்சில் பழைய பாஞ்சோ வகையா, பிந்தைய டியூப் வகையா? முதல் இரண்டும் ஸ்ப்ரிங்கை மாற்றும், மூன்றாவது யு-போல்ட்டை மாற்றும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் ஸ்ப்ரிங்கின் எடைக்கு அனுப்பும் செலவே கணிசமாக வரும். அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி. தவறான ஜோடி வந்தால் திருப்பி அனுப்பக் கட்டுப்படியாகாது.

பழைய ஸ்ப்ரிங்கையே லாரி ஸ்ப்ரிங் பட்டறையில் கொடுத்து வளைவேற்றி வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேறு வழியே இல்லாத அரிய வண்டிக்கு அது சரி. ஆனால் சூட்டுப் பதப்படுத்தல் இல்லாமல் அடித்து மட்டும் வளைத்தால் மீண்டும் படுத்துவிடும். கிடைக்கிற மாடலுக்குப் புதியதே நல்லது.

கருவிகளில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பிரிட்டிஷ் கார்களில் எல்லாம் அங்குல அளவு. ஜப்பானிய கார்களுக்காக வாங்கிய மெட்ரிக் செட் இங்கே நட்டைக் கெடுக்கும். 3/8 அங்குல யுஎன்எஃப் (அங்குல நுண்மறை) நட்டுக்கு 9/16 சாக்கெட் வேண்டும். அது 14.29 மி.மீ. ஆகவே 14 ஏறாது, 15 போட்டால் துருப்பிடித்த நட்டின் முனை உருண்டுவிடும். 3/4 அங்குல நட்டுக்கு மட்டும் 19 மி.மீ. பொருந்தும்.

கழற்றுதல்

இரண்டு நாள் முன்பே எல்லா மறையிலும் பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து, மறுநாள் மீண்டும் அடியுங்கள். பித்தளைப் பிரஷ்ஷால் வெளியே தெரியும் மறையைத் தேய்த்துவிடுங்கள். நட்டு அந்தத் துருவின் மேல்தான் நகர்ந்து வர வேண்டும்.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, பின்சக்கர நட்டுகளைத் தரையிலேயே தளர்த்தி, டிஃபரன்ஷியலுக்கு (பின் ஆக்சிலின் நடுவே உள்ள கியர் பெட்டிக்கு) அடியில் ஜாக் வைத்துத் தூக்குங்கள். ஆக்சில் ஸ்டாண்டு இரண்டையும் ஸ்ப்ரிங்கின் முன் ஹேங்கருக்கு முன்னால், பாடியின் உறுதியான சட்டத்தில் வையுங்கள். ஆக்சில்மேல் அல்ல, ஆக்சில்தான் அசைய வேண்டியது. டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். சக்கரங்களைக் கழற்றி வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தால் கூடுதல் பாதுகாப்பு.

டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) கீழ் இணைப்பைக் கழற்றுங்கள். எம்ஜிபியில் ஆக்சிலை அளவுக்கு மீறி இறங்காமல் பிடிக்கும் ரிபவுண்டு ஸ்ட்ராப்பையும் விடுவிக்க வேண்டும். ஆக்சில் எவ்வளவு இறங்கினாலும் அதன் எடை பிரேக் ஹோஸில் விழக் கூடாது. ஹோஸ் விறைப்பாகத் தெரிந்தால் உடனே ஜாக்கை உயர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் ஆக்சிலை இடத்தில் பிடித்து வைக்கும், எது எப்படி இருந்தது என்று பார்த்துக்கொள்ளவும் உதவும்.

யு-போல்ட் நட்டு, கீழ்ப் பிளேட்டு, பிறகு ஷேக்கிள், கடைசியில் முன் கண் போல்ட் என்ற வரிசையில் போங்கள். சிக்கல் பெரும்பாலும் முன் கண்ணில்தான். போல்ட்டும் புஷ்ஷின் உள் உறையும் துருவால் ஒன்றாகிவிட்டால் நட்டு கழன்றாலும் போல்ட் வராது, ரப்பரோடு சேர்ந்து சுற்றும். நாள் முழுக்கச் சுத்தியல் அடிப்பதை விட ரெசிப்ரோகேட்டிங் சாவால் கண்ணின் இருபுறமும் அறுத்துவிடலாம். எப்படியும் புது போல்ட்தான் போடப் போகிறோம். கேஸ் வெல்டிங் ஜுவாலையைப் பின் ஷேக்கிள் பக்கம் கொண்டு போகாதீர்கள். இந்தக் கார்களில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில், ஷேக்கிளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய ஸ்ப்ரிங்கின் சென்டர் போல்ட்டைப் பிரிக்க நினைத்தால் ஜி-கிளாம்ப் இரண்டு போட்டு இறுக்கியபின் பிரியுங்கள், பட்டைகள் விசையோடு விரியும்.

புதியதை ஏற்றுதல்

பழையதையும் புதியதையும் தரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். கண் விட்டம், பட்டையின் அகலம், சென்டர் போல்ட்டிலிருந்து முன் கண் வரையிலான தூரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பல ஸ்ப்ரிங்குகளில் முன் பாதியும் பின் பாதியும் ஒரே நீளம் இல்லை. திருப்பி மாட்டினால் ஆக்சில் இடம் மாறிவிடும்.

ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் அல்லது சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் வீங்கிக் கூழாகும். இரும்பு உறைக்குள் போகும் போல்ட்டின் தண்டில் மட்டும், ரப்பரில் படாமல், காப்பர் கிரீஸ் தடவலாம், அடுத்த முறை அறுக்க வேண்டி வராது.

முன் கண்ணை முதலில் மாட்டி நட்டைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். பிறகு ஷேக்கிள், அதுவும் கையால்தான். இப்போது ஜாக்கால் ஆக்சிலை மெல்ல இறக்கி, சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் பேடின் துளைக்குள் சரியாக உட்காருகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் ஏறி நிற்கும்போது யு-போல்ட்டை இறுக்கினால் வெளியே பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். சில நாளில் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சில் கோணலாகும், வண்டி பக்கவாட்டில் நகர்வதுபோல ஓடும். யு-போல்ட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) உங்கள் மாடலின் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். நீளக் கம்பி போட்டு உத்தேசமாக இறுக்கினால் 3/8 அங்குல மறை எளிதில் கழன்றுவிடும்.

கண் போல்ட்டை இறுக்கும் நேரம்

ரப்பர் புஷ் தாங்கி போலச் சுழலாது. இறுக்கியதும் அதன் உட்பக்கம் போல்ட்டோடும் வெளிப்பக்கம் ஸ்ப்ரிங் கண்ணோடும் பிடித்துக்கொள்ளும், நடுவில் ரப்பர் முறுக்கிக் கொடுக்கும். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், நிற்கும்போதே ரப்பர் முழு முறுக்கில் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் முறுக வேண்டும், அது கிழிகிறது. அதுவரை அந்த முறுக்கே வண்டியைத் தூக்கிப் பிடிப்பதால் உயர அளவும் பொய்யாகிவிடும்.

ஆகவே சக்கரத்தில் முழு எடை இறங்கிய நிலையில்தான் முன் கண்ணையும் ஷேக்கிளையும் இறுக்க வேண்டும். காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளில் லிஃப்ட்டை வாடகைக்கோ உதவிக்கோ கேட்கும்போது நான்கு கால் லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் வண்டி சக்கரத்தின் மேலேயே நிற்கும். இரண்டு கால் லிஃப்ட் பாடியைத் தூக்கும், ஆக்சில் தொங்கும். அதுதான் இருக்கிறதென்றால், இரண்டு ஸ்ப்ரிங் பேடுக்கும் அடியில் உயர ஸ்டாண்டு வைத்து, பாடி லிஃப்ட்டின் கையை விட்டு எழும்பத் தொடங்கும் வரை மட்டும் மெல்ல இறக்கி, வண்டி அசையாமல் நிற்பதை உறுதி செய்தபின் இறுக்குங்கள்.

பாலியூரித்தேன் புஷ் பின்னைச் சுற்றிச் சுழலக்கூடியது, அதில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் கூடவே வரும் சிலிக்கான் கிரீஸை விட்டுவிட்டால் கிறீச்சிடும், சாலையின் சத்தமும் அதிகம் உள்ளே வரும். அன்றாடச் சொகுசுக்கு நாங்கள் ரப்பரையே பரிந்துரைக்கிறோம்.

இறுக்கியபின் ஷேக்கிள் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஸ்ப்ரிங் அழுந்தும்போது நீளும், அதனால் ஷேக்கிளின் கீழ்முனைக்குப் பின்னோக்கி நகர இடம் வேண்டும். எதன்மீதாவது இடித்து நின்றால் ஸ்ப்ரிங் வேலையே செய்யாது. இருபுறமும் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

ஓட்டியபின்

புது ஸ்ப்ரிங் முதலில் உயரமாகத்தான் நிற்கும். சில நூறு கிலோமீட்டரில் இறங்கி நிலைக்கும், உடனே பட்டையை எடுக்க ஓடாதீர்கள். முதல் 100 கிலோமீட்டர் வாக்கில் யு-போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். ரப்பர் பேடு அமுங்குவதால் அவை கட்டாயம் சற்றுத் தளர்ந்திருக்கும்.

பின்பக்கம் உயர்ந்ததால் முன்விளக்கின் ஒளி கீழே விழும், சரிசெய்யுங்கள். கைபிரேக் கேபிள் விறைப்பாகிவிட்டதா, எக்ஸாஸ்ட் குழாய் ஆக்சிலில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். பட்டைகளுக்கு வெளியே துருத்தடுப்பு மெழுகு அடித்தால் போதும். பழைய எஞ்சின் ஆயிலைத் தடவும் வழக்கம் வேண்டாம், அது வழிந்து பிரேக் டிரம்முக்குள் போனால் லைனிங்கை மாற்ற வேண்டி வரும்.