கைநிறையச் சம்பளம், உறுத்தும் தொழில்: கையெழுத்திடும் முன் செய்ய வேண்டியவை

உடனடிக் கடன் செயலி நடத்தும் நிறுவனம் ஒன்று, நீங்கள் இப்போது வாங்குவதைப் போல இரு மடங்குச் சம்பளத்துக்கு ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்திடும் முன், அந்தச் சம்பளம் யார் வயிற்றிலடித்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

அதற்கு எளிய வழி உண்டு. தொடர்பு எண்களோ புகைப்படங்களோ இல்லாத பழைய கைபேசி ஒன்றில் அந்தச் செயலியை நிறுவி, அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று கவனியுங்கள். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்துவிட்டது. அப்படியிருந்தும் ஒரு செயலி அந்தப் பட்டியலைக் கேட்கிறது என்றால், தவணை தவறியவரின் மாமனாரையும் மேலாளரையும் அழைத்து அவரை அவமானப்படுத்துவதற்குத்தான் என்று கொள்வதில் தவறில்லை. 5,000 ரூபாய்க் கடனில் எவ்வளவு கழித்துக்கொண்டு மீதியைக் கணக்கில் போடுகிறார்கள், திருப்பிக் கட்ட ஏழு நாளா மூன்று மாதமா என்பதையும் பாருங்கள். ஒற்றை நட்சத்திர விமர்சனங்களில் அண்மையில் வந்தவற்றைப் பொறுமையாகப் படியுங்கள்.

நேர்காணலில் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். தவணை தவறிய மறுநாள் உங்கள் மென்பொருள் என்ன செய்யும்? எந்த எண்ணிக்கை உயர்ந்தால் என் குழுவுக்குப் போனஸ்? பதில் மழுப்பலாக வந்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"நான் எழுதுவது வெறும் நிரல்தானே" என்ற சமாதானம் நெடுநாள் நிற்காது. ஃபோக்ஸ்வாகன் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது 2015இல் அம்பலமானது. அதில் பங்குகொண்ட பொறியாளர் ஒருவருக்கு 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறை விதித்தது. உள்ளே போய்த் திருத்துவேன் என்பதற்கும் ஆள்பலம் வேண்டும். அமெரிக்க ராணுவத்துக்கான ஒப்பந்தம் ஒன்றை எதிர்த்து 2018இல் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்ட பிறகுதான், அந்நிறுவனம் அதைப் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தது. நேற்றுச் சேர்ந்தவர் தனியாளாக அதைச் செய்வது அரிது.

ஆனாலும், அப்பாவின் மருத்துவக் கடனை அடைக்க வேண்டியவரையும் ஏற்கெனவே நன்றாகச் சம்பாதிப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. முன்னவர் சேரலாம், ஆனால் எவ்வளவு தொகை சேர்ந்ததும், எந்தத் தேதிக்குள் விலகுவேன் என்பதையும், எந்த வேலையைக் கொடுத்தால் அன்றே மறுப்பேன் என்பதையும் சேரும் முன்பே தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். ஓராண்டுக்குள் விலகினால் ஜாயினிங் போனஸைத் திருப்பித் தர வேண்டுமா, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பவற்றை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். புதுச் சம்பளத்தை நம்பி இ.எம்.ஐ. எதையும் தொடங்காதீர்கள், நான் இப்படியொரு வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதமே காருக்குக் கடன் வாங்கி, விலக மனம் வந்த பிறகும் ஒன்றரை ஆண்டு அங்கேயே இருந்தேன். இத்தகைய தொழில்கள் ஒரே நாளில் முடங்கவும் கூடும்: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்ததும், அந்நிறுவனங்கள் பலவற்றில் ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது.

மறுப்பதென்று முடிவெடுத்தால் ஹெச்.ஆருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். வாடிக்கையாளர்களிடம் நிலுவை வசூலிக்கும் முறை உங்களுக்கு உடன்பாடில்லை என்ற காரணத்தை மட்டும் அதில் குறிப்பிடுங்கள். அறிவுரை வேண்டாம், அவரும் மாதச் சம்பளக்காரர்தான்.