வாடிக்கையாளருக்கு விளம்பர மடல் அனுப்புவது எப்படி: ஸ்பேம் புகாரைத் தவிர்க்கவும் தீர்க்கவும் ஒரு செய்முறை

மாட்டுங்காவில் காப்பித்தூள் விற்பவர், செம்பூரில் நாட்டியப் பள்ளி நடத்துபவர், தாராவியில் தோல் பைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புபவர் என மும்பைத் தமிழர்கள் பலர் தொழிலுக்கு மின்னஞ்சலை நம்பியிருக்கிறார்கள். அனுப்பிய மடல் ஸ்பேம் (வேண்டாத மடல்) பெட்டியில் விழுந்தால் தொழில்நுட்பத்தில்தான் கோளாறு என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, கேட்காதவருக்கு அனுப்பியதில் தொடங்கிவிடுகிறது. ஆகவே முகவரிப் பட்டியலிலிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: பட்டியலைச் சுத்தமாக வைத்திருங்கள்

முகவரிப் பட்டியலை விலை கொடுத்து வாங்காதீர்கள். அத்தகைய பட்டியல்களில், எந்த மனிதரும் பயன்படுத்தாமல் ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கும் பொறி முகவரிகள் கலந்திருக்கும். அவற்றில் ஒன்றுக்கு மடல் போனாலே ஸ்பேம் அனுப்புவோரைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகளின் தடைப்பட்டியலில் உங்கள் பெயர் ஏறக்கூடும். கோரேகாவ் கண்காட்சியில் ஒருவர் கொடுத்த விசிட்டிங் கார்டும், பில் அனுப்புவதற்காக வாடிக்கையாளர் சொன்ன முகவரியும் விளம்பரத்துக்கான சம்மதம் ஆகா. தனியாகக் கேளுங்கள். அவர் முகவரியைப் பதிந்ததும் உறுதிப்படுத்தும் மடல் ஒன்றை அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அழுத்தியவரை மட்டும் சேருங்கள். எந்த நாளில், எங்கே, எதற்காகச் சம்மதம் பெற்றீர்கள் என்பதையும் அதே வரிசையில் குறித்துவையுங்கள். பின்னால் புகார் வரும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைகள் தொலைபேசி அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் உரியவை, விளம்பர அழைப்புகளைத் தடுக்கும் 1909 என்ற எண்ணில் பதிவு செய்வதால் மின்னஞ்சல் நிற்காது. ஆனால் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தெளிவாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் இருக்க வேண்டும் என்றும், அதைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு அனுப்பும் தாராவித் தொழிலாளி, அந்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு விளம்பர மடலிலும் தன் அஞ்சல் முகவரியைத் தந்தாக வேண்டும். வேண்டாம் என்றவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்கியாக வேண்டும்.

இரண்டாம் படி: நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று நிறுவுங்கள்

இலவச ஜிமெயில் முகவரியிலிருந்து மொத்தமாக அனுப்பாமல், சொந்த டொமைன் (இணையப் பெயர்) ஒன்றை வாங்கி, அதன் அமைப்புகளை வைத்திருக்கும் டிஎன்எஸ் பகுதியில் மூன்று பதிவுகளைச் சேருங்கள். உங்கள் பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்பதை எஸ்பிஎஃப் சொல்லும்; மடல் வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு டிகேஐஎம் கையொப்பம் இடும்; சோதனையில் தோற்ற மடலை என்ன செய்வது என்பதை டிமார்க் தெரிவிக்கும். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்க வேண்டும். புதிய மடல் சேவையில் சேரும்போது இரண்டாவது ஒன்றைச் சேர்த்தால் சோதனையே பிழையில் முடியும். டிமார்க்கை முதலில் எதையும் தடுக்காத கண்காணிப்பு நிலையில் வைத்து, அதன்வழி வரும் அறிக்கைகளைப் பார்த்த பிறகு, தோற்ற மடல்களைத் தடுக்கும்படி இறுக்குங்கள்.

மூன்றாம் படி: விலகுவது புகார் செய்வதைவிட எளிதாக இருக்கட்டும்

விலக வழி தெரியாதவர்தான் ஸ்பேம் பொத்தானை அழுத்துகிறார். விலகும் இணைப்பை வெளிர் எழுத்தில் ஒளித்துவைப்பதும், கடவுச்சொல் கேட்பதும் வாடிக்கையாளரை அவமதிக்கும் செயல்கள். ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000க்கு மேல் அனுப்புவோர், மேற்சொன்ன மூன்று பதிவுகளோடு, ஒரே அழுத்தலில் விலகும் வசதியையும் தர வேண்டும் என்று கூகுள் 2024இல் விதித்தது. அக்கோரிக்கையை 2 நாட்களுக்குள் நிறைவேற்றவும் வேண்டும். சிறிய கடைக்காரருக்கும் இதுவே நல்ல அளவுகோல்.

விலகியவரின் முகவரியை அழித்துவிட்டால் மட்டும் போதாது. அடுத்த மாதம் பழைய எக்செல் கோப்பை மீண்டும் ஏற்றும்போது அவர் திரும்ப வந்துவிடுவார். 'அனுப்பக் கூடாதோர்' என்று தனிப் பட்டியல் வைத்து, ஒவ்வொரு முறை அனுப்புமுன்பும் அதனோடு ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: புகார் விகிதத்தைக் கவனியுங்கள்

மடல் அனுப்புவோருக்காகக் கூகுள் வைத்திருக்கும் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் உங்கள் டொமைனைப் பதிவு செய்தால், ஜிமெயிலில் உங்கள் மடலை ஸ்பேம் என்று குறித்தோரின் விகிதம், அதாவது புகார் விகிதம், தெரியும். அது 0.1 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும்; 0.3ஐ எட்டவே கூடாது. அதாவது இன்பாக்ஸை அடைந்த 1,000 மடல்களில் 3 பேர் சினந்தாலே எல்லை தொட்டாயிற்று. யார் புகார் செய்தார் என்பதை ஜிமெயில் சொல்லாது. யாகூவும் மைக்ரோசாஃப்டும் புகாரின் நகலைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. நீங்கள் பயன்படுத்தும் மடல் சேவை அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: புகார் வந்தபின்

உங்கள் டொமைனில் புகார்கள் வந்து சேர அப்யூஸ் (abuse), போஸ்ட்மாஸ்டர் (postmaster) என்ற பெயர்களில் இரண்டு அஞ்சல் பெட்டிகளைத் திறந்து, நாள்தோறும் பாருங்கள். புகார் வந்த அன்றே அந்த முகவரிக்கு அனுப்புவதை நிறுத்துங்கள்; ஆராய்ச்சி அதன் பிறகு. சம்மதக் குறிப்பைப் பார்த்துவிட்டு, வாதிடாமல், பணிவாகப் பதில் எழுதுங்கள்:

"ஐயா, தங்கள் புகார் கிடைத்தது. சென்ற ஆகஸ்டில் எங்கள் கடையின் படிவத்தில் தாங்கள் தந்த முகவரிக்கு அம்மடல் வந்துள்ளது. அதை இன்றே நீக்கிவிட்டோம். இனி விளம்பர மடல் வராது. தொந்தரவுக்கு வருந்துகிறோம்."

சம்மதக் குறிப்பு இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு அதே இடத்திலிருந்து வந்த மற்ற முகவரிகளையும் நிறுத்திவைத்து ஆராயுங்கள். ஒரு புகாருக்குப் பின்னால் பேசாமல் பொறுத்துக்கொண்டவர்கள் பலர் இருப்பார்கள்.

நீங்கள் அனுப்பாத மடலுக்குப் புகார் வந்தால், யாரோ உங்கள் பெயரில் அனுப்புகிறார்கள். டிமார்க் அறிக்கைகளைப் பாருங்கள், கடவுச்சொற்களை மாற்றி இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவியுங்கள். அதனால் யாராவது பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

தடைப்பட்டியலில் சிக்கியிருந்தால், காரணத்தைச் சரிசெய்த பிறகே நீக்கக் கோருங்கள். ஸ்பாம்ஹாஸ் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு நீக்கித் தருவதாகச் சொல்பவரிடம் ஏமாறாதீர்கள். பெயர் நீங்கியதும் முழுப் பட்டியலுக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், அண்மையில் பொருள் வாங்கி, மடல் பெறவும் சம்மதித்தவர்களுக்கு மட்டும் சில நாட்கள் அனுப்பி, விகிதத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.