ஆய்த எழுத்தை எப்படி ஒலிப்பது?

ஃ வந்தாலே பலரும் 'க்' போட்டு, எஃகை 'எக்கு' என்று வாசித்துவிடுகிறார்கள். அவ்வளவு அழுத்தம் வேண்டாம். 'எ' சொல்லி, நாக்கை எங்கும் ஒட்டாமல் தொண்டையிலிருந்து லேசாகக் காற்றை விட்டு, உடனே 'கு' சொல்லுங்கள். அந்தக் காற்றொலிதான் ஆய்தம். வாயைத் திறந்தாலே பிறக்கும் என்கிறது நன்னூல். அளவு அரை மாத்திரைதான், இழுக்கக் கூடாது. அஃது, கஃசு, வெஃகாமை என்று சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். முன்னால் குறில், பின்னால் வல்லினம் இருப்பது காதிலேயே பிடிபடும்.

அப்புறம், எழுதும்போது உயிரெழுத்துக்கு முன் அஃது, இஃது: 'அஃது இல்லை'. மற்ற இடங்களில் அது, இது: 'அது போதும்'. 'ஃபேன்' போன்ற சொற்களில் ஃ செய்வது வேறு வேலை. அங்கே பகரத்தோடு சேர்ந்து, கீழுதட்டில் மேற்பல் பட வரும் ஒலியைக் குறிக்கிறது.